பொதிகையில் ஒன்று, கிராபியில் ஒன்று: செருப்பு ஓர்கிட்டின் உறவும் பரம்பலும்

ஓர்கிட் குடும்பம் ஐந்து பெருங்கிளைகளாகப் பிரிகிறது. இலங்கையில் இயற்கையாக வளரும் 180க்கு மேற்பட்ட ஓர்கிட் இனங்களைப் பிரித்து அடுக்கினால், அவற்றுள் நான்கு கிளைகளுக்கு இங்கே ஆள் உண்டு. ஈரவலயத் தாழ்நிலக் காட்டுத் தரையில் வளரும் அப்பொஸ்தாசியா ஒன்று. உலர்வலயப் பற்றைகளில் இலையே இல்லாத பச்சைக் கொடியாக ஏறும் காட்டு வனிலா இரண்டாவது. நிலத்தில் கிழங்கிட்டு மழைக்குத் தண்டெடுக்கும் ஹபனேரியா மூன்றாவது. அம்பாறை, மட்டக்களப்புக் காடுகளில் மரத்தைப் பற்றிக்கொண்டு நிற்கும் வண்டா டெசலாட்டா நான்காவது. கல்லடியிலும் காரைதீவிலும் முற்றத்துப் பந்தலில் தொங்கும் டென்ட்ரோபியமும் இந்த நான்காவது கிளைதான். ஐந்தாவது கிளையில் மட்டும் இந்தத் தீவுக்கென்று ஒரு இனமும் இல்லை. அதுதான் செருப்பு ஓர்கிட்.

ஆனால் அது தொலைவிலும் இல்லை. மட்டக்களப்பிலிருந்து மேற்கே ஏறத்தாழ 500 கிலோமீற்றரில், பொதிகை என்று நாம் அறிந்த அகத்தியமலைத் தொடரில் ஒரு இனம் இருக்கிறது. கிழக்கே வங்கக் கடலைத் தாண்டி ஏறத்தாழ 1,900 கிலோமீற்றரில், மட்டக்களப்பின் அகலக்கோட்டுக்கு மிக அருகிலேயே அமைந்த தாய்லாந்தின் கிராபிக் கரையில் இன்னொன்று. அந்த இரண்டும் ஒரே உட்பிரிவைச் சேர்ந்த நெருங்கிய உறவு. இடையில் கிடக்கும் நமக்கு ஒன்றும் வாய்க்கவில்லை. இதற்கான விடை பூவின் அமைப்பிலிருந்து தொடங்கி வடதுருவம் வரை போகிறது. எந்தச் செடியை நம் கரையில் வளர்க்கலாம், எதை வாங்கிக் காசைக் கரைக்கக் கூடாது என்பதும் அதே விடையில்தான் இருக்கிறது.

பெயரில் ஒரு குழப்பம். ஆங்கிலத்தில் இதைச் சப்பாத்து என்றும் சொல்வார்கள். ஆனால் சிங்களத்தில் ‘சப்பாத்து மல்’ என்றால் செவ்வரத்தை. அம்பாறைச் சந்தையில் அப்படிக் கேட்டால் செவ்வரத்தைக் கன்றுதான் கைக்கு வரும். ஆகவே செருப்பு ஓர்கிட் என்றே வைத்துக்கொள்வோம்.

பூவின் கீழ் இதழ் பை போல் வீங்கி, செருப்பின் முன்பகுதியைப் போல நிற்கிறது. நமது காடுகளில் உள்ள குடுவைத் தாவரத்தின் குடுவையைப் பார்த்துப் பழகியவர்கள், இதுவும் பூச்சியைத் தின்னும் என்று நினைப்பது வழக்கம். தின்னாது. பூச்சி உயிரோடு வெளியே போனால்தான் செடிக்கு வேலை நடக்கும்.

அந்த வேலை நடக்கும் விதம் இது. பையின் விளிம்பு வழுக்கலானது. பூவை நாடி வரும் ஈயோ தேனீயோ கால் தவறி உள்ளே விழுகிறது. வந்த வழியே ஏற முடியாது. பையின் பின்சுவரில் மட்டும் ஏணிபோல் மயிர் வரிசை இருக்கிறது. அதில் ஏறினால், பூவின் அடிப்பக்கத்தில் வலமும் இடமுமாக இரண்டு சிறிய துவாரங்கள். அந்த வழியில் முதலில் முதுகு உரசுவது குறியில், அதாவது மகரந்தத்தை ஏற்கும் பெண் உறுப்பில். முந்திய பூவிலிருந்து கொண்டு வந்த மகரந்தம் அங்கே ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகே மகரந்தக்கூட்டின் அடியால் நெருக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். அப்போது புதிய மகரந்தம் பசைபோல் முதுகில் அப்பிக்கொள்கிறது. வரிசை இப்படி இருப்பதால் ஒரு பூவின் மகரந்தம் அதே பூவின் குறியில் படுவது அரிது. பூச்சியின் பருமனும் கணக்கு. சிறியது எதையும் தொடாமல் நழுவிவிடும், பெரியது துவாரத்தில் சிக்கி உள்ளேயே சாகும். டார்வின் முதலில் இதைத் தவறாகத்தான் விளங்கியிருந்தார். பூச்சி வெளியே நின்று தும்பிக்கையை நுழைக்கிறது என்று 1862இல் எழுதினார். அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரே பூச்சி பைக்குள் இறங்கித்தான் ஏறுகிறது என்று சொன்ன பிறகு, டார்வின் ஒரு சிறிய தேனீயைப் பிடித்துப் பைக்குள் விட்டுப் பார்த்துத் திருத்திக்கொண்டார்.

இத்தனை ஏற்பாட்டுக்கும் பூச்சிக்குக் கூலி கிடையாது. பெரும்பாலான இனங்களில் தேன் இல்லை, எல்லாம் ஏமாற்று. போர்ணியோவின் பஃபியோபெடிலம் ரொத்சைல்டியானம், செடிப்பேன் கூட்டம் போன்ற தோற்றத்தைக் காட்டி, செடிப்பேன் நடுவே முட்டையிடும் மிதவை ஈயை இழுக்கிறது. ஈ முட்டையையே அங்கே இட்டுவிட்டுப் பைக்குள் விழுகிறது. சீனாவின் சிப்ரிபீடியம் பார்ஜெசியை, பங்கசு பிடித்த இலைபோல் கறுப்புப் புள்ளி போட்ட இரண்டு இலைகளைத் தரையோடு விரித்து, பங்கசு தின்னும் ஈயை அழைக்கிறது. ஏமாற்றில் வாழும் பூவுக்குக் காய் பிடிப்பது குறைவு. பூச்சி ஒருமுறை இருமுறை ஏமாறும், பிறகு ஒதுங்கும். இந்தச் செடிகள் ஏன் எங்கும் அடர்த்தியாக இல்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிளையை அடையாளம் காட்டுவது பையைவிட மகரந்தக்கூடுதான். டென்ட்ரோபியம் பூவின் நடுக்கம்பத்தை ஊசியால் நிமிர்த்திப் பாருங்கள். நுனியில் ஒரே ஒரு மகரந்தக்கூடு, தொப்பிபோல் கழன்று வரும். செருப்பு ஓர்கிட்டில் அது இரண்டு, கம்பத்தின் இரு பக்கத்திலும். டென்ட்ரோபியத்தில் மகரந்தக்கூடு இருக்கும் அதே இடத்தில் இங்கே மகரந்தம் தராத மலட்டுக் கேசரம் ஒன்று கேடயம்போல் விரிந்து நிற்கிறது. ஆக, இரண்டு கூடு குறைந்து ஒன்றாகியது என்று சொல்ல வழியில்லை. இரு தரப்பும் வெவ்வேறு கேசரங்களை வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிட்டிருக்கின்றன.

இங்கேதான் பழைய பாடநூல்கள் தடுக்கி விழுந்தன. கேசரத்தை எண்ணி, அப்பொஸ்தாசியாக் கிளையில் மூன்று அல்லது இரண்டு, செருப்பு ஓர்கிட்டில் இரண்டு, மற்ற எல்லாவற்றிலும் ஒன்று என்று படிக்கட்டு கட்டினார்கள். செருப்பு ஓர்கிட்டை ஓர்கிட் குடும்பத்திலிருந்தே விலக்கித் தனிக் குடும்பமாக்கியவர்களும் உண்டு. டீ.என்.ஏ. வரிசைகளை ஒப்பிடத் தொடங்கியதும் படிக்கட்டு குலைந்தது. முதலில் பிரிந்தது அப்பொஸ்தாசியா என்பது சரி. ஆனால் இரண்டாவதாகப் பிரிந்தது வனிலாக் கிளை. அதற்கு ஒரே மகரந்தக்கூடு. செருப்பு ஓர்கிட் அதற்குப் பிறகுதான் பிரிகிறது. கடைசியில் ஹபனேரியா வகையும் டென்ட்ரோபியம், வண்டா வகையும். அதாவது ஒற்றை மகரந்தக்கூடு கூர்ப்பில் குறைந்தது இரண்டு தடவை தனித்தனியாகத் தோன்றியிருக்க வேண்டும். வனிலாவை வண்டாவின் அருகில் வைத்ததற்கு அந்தத் தோற்ற ஒற்றுமையே காரணம், அது பொய்த் தடயம்.

செருப்பு ஓர்கிட்டுக்குள் ஐந்து சாதிகள் (இந்தியத் தமிழ் நூல்களில் பேரினம்). இவற்றைப் பிரிக்க ஆய்வுகூடம் வேண்டாம். இலையையும் சூலகத்தையும் பார்த்தால் போதும். இலை விசிறிபோல் பல மடிப்போடு மெல்லியதாக இருந்தால் அது சிப்ரிபீடியம் அல்லது செலனிபீடியம். நடு நரம்பில் மட்டும் ஒரே மடிப்பாய்த் தடித்த தோல்போல் இருந்தால் பஃபியோபெடிலம், பிராக்மிபீடியம், மெக்சிபீடியம் மூன்றில் ஒன்று. அடுத்து, பூவின் பின்னால் காம்புபோல் நீண்டிருக்கும் சூலகத்தைச் சவர அலகால் குறுக்கே வெட்டிக் கைவில்லையால் பாருங்கள். ஒரே அறையாக இருந்தால் சிப்ரிபீடியம், பஃபியோபெடிலம், மெக்சிபீடியம். மூன்று அறை என்றால் செலனிபீடியம், பிராக்மிபீடியம். பிராக்மிபீடியத்தின் பெயரே அந்த உள்தடுப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதன் பையின் விளிம்பு உட்பக்கம் அகலமாய் மடிந்திருக்கும், பஃபியோபெடிலத்தில் அப்படி இராது. வாடிய பூவில் வெட்டுங்கள், நல்ல பூவைக் கெடுக்க வேண்டியதில்லை.

இலையும் சூலகமும் ஒரே கதையைச் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மூன்று அறைச் சூலகம் பழைய நிலை. அதோடு 5 மீற்றர் வரை மூங்கில்போல் உயர்கிற தண்டு, வனிலா மணக்கும் கடின வித்து. இவை எல்லாம் செலனிபீடியத்தில் சேர்ந்திருப்பதால், அதுவே மிகப் பழைய கிளை என்று நெடுங்காலம் கருதினார்கள். பல மரபணுக்களைச் சேர்த்துப் பார்த்த 2012ஆம் ஆண்டு ஆய்வு வேறு வரிசையைத் தந்தது. முதலில் பிரிவது சிப்ரிபீடியம், அடுத்து செலனிபீடியம், பிறகு தடித்த இலை கொண்ட மூன்றும். அந்த மூன்றிலும் பிராக்மிபீடியமும் மெக்சிபீடியமும் ஒட்டிப் பிறந்தவை, பஃபியோபெடிலம் அவற்றுக்கு எதிர்க்கிளை. பழைய குணங்களைச் சுமந்துகொண்டிருப்பதால் ஒரு செடி பழைய கிளையாகிவிடாது. ஒற்றை அறைச் சூலகம் வெவ்வேறு கிளைகளில் தனித்தனியாக வந்திருக்கிறது.

மெக்சிபீடியத்தின் கதை தனி. 1985இல் மெக்சிக்கோவின் ஒஹாக்காவில் ஒரு சுண்ணக்கல் குன்றில் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே இருந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய செடிகள். 1990இல் பிராக்மிபீடியம் என்று பெயரிட்டார்கள், 1992இல் தனிச் சாதியாக்கினார்கள். ஒரே இனம், சிறிய வெளிர்ப்பூ, வறட்சி தாங்கும் சிறிய இலை. சாதி முழுவதும் அந்தப் பக்கத்தில் மட்டும்.

இனி இவற்றை உலகப் படத்தில் வைத்துப் பார்ப்போம். சிப்ரிபீடியம் ஏறத்தாழ 50 இனம். ஐரோப்பா, சைபீரியா, சீனா, யப்பான், வட அமெரிக்கா, தெற்கே மெக்சிக்கோவையும் தாண்டி மத்திய அமெரிக்கா வரை. பெரும்பங்கு சீனாவில். பஃபியோபெடிலம் 80 முதல் 100 வரை. தென்னிந்தியா, இமயமலை, தென்சீனா, தென்கிழக்காசியா, பிலிப்பைன்ஸ், நியூகினி, சொலமன் தீவுகள். பிராக்மிபீடியம் இருபது, இருபத்தைந்து இனங்களோடு தென்மெக்சிக்கோவிலிருந்து பொலிவியா, பிரேசில் வரை. செலனிபீடியம் ஆறுக்குள், மத்திய அமெரிக்காவிலும் தென்னமெரிக்காவின் வடக்கிலும். ஆபிரிக்கா, மடகாஸ்கர், அவுஸ்திரேலியா மூன்றிலும் ஒன்றுகூட இல்லை.

ஆசிய வெப்பவலயத்திலும் அமெரிக்க வெப்பவலயத்திலும் உறவுச் செடிகள் இருந்தால், பழைய தென்பெருங்கண்டமான கோண்டுவானா பிளந்தபோது பிரிந்தவை என்று சொல்லிவிடுவது நமக்குக் கைவந்த விளக்கம். இலங்கையும் இந்தியாவும் அந்தக் கண்டத்தின் துண்டுகள் என்பதால் அது நமக்கு இனிக்கவும் செய்யும். ஆனால் கோண்டுவானாச் செடி என்றால் ஆபிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் தடம் இருக்க வேண்டும். காலமும் பொருந்தாது. 2007இல் வெளியான ஆய்வொன்றில், டொமினிக்கன் குடியரசின் அம்பருக்குள் (கல்லாய் இறுகிய மரப்பிசின்) 1.5 முதல் 2 கோடி ஆண்டு பழைமையான தேனீ ஒன்று முதுகில் ஓர்கிட் மகரந்தத்தோடு கிடைத்தது. அது செருப்பு ஓர்கிட்டின் மகரந்தம் அல்ல. ஆனால் அதை வைத்து, மரபணு வேறுபாடுகளிலிருந்து வயதைக் கணிக்கும் மரபணுக் கடிகாரத்தைச் சரிசெய்தபோது ஓர்கிட் குடும்பம் முழுவதற்கும் ஏறத்தாழ 8 கோடி ஆண்டுதான் வயது வந்தது. கோண்டுவானாவின் பெரும் பிளவுகள் அதற்கு முந்தியவை.

பொருந்தும் விளக்கம் வடக்கே இருக்கிறது. ஈயோசீன் காலம், அதாவது 5.6 கோடியிலிருந்து 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமி இன்றைவிட மிகச் சூடு. என்றும் பசுமையான காடு துருவத்தை நெருங்கிக் கிடந்தது. இன்றைக்குக் கடலுக்குள் மூழ்கிக்கிடக்கும், சைபீரியாவையும் அலாஸ்காவையும் இணைத்த பெரிங் நிலப்பாலமும் வட அத்திலாந்திக் நிலத்தொடரும் அப்போது வெப்பக் காட்டுச் செடிகளுக்கு நடைபாதை. மத்திய அமெரிக்காவிலும் வட அமெரிக்காவின் தெற்கிலும் தோன்றிய செருப்பு ஓர்கிட்டுகள் அந்த வழியாகப் பரவின. ஈயோசீன் முடிவில் பூமி குளிர்ந்தது. வெப்பக் காடு இரு கண்டத்திலும் தெற்கே ஒதுங்கியது, பாதை அறுந்தது. தடித்த இலை கொண்ட கூட்டத்தில் ஆசியப் பக்கம் அகப்பட்டது பஃபியோபெடிலமாகவும், அமெரிக்கப் பக்கம் நின்றது பிராக்மிபீடியம், மெக்சிபீடியமாகவும் போயின. ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு கரையில்.

சிப்ரிபீடியம் மட்டும் வடக்கை விடவில்லை. மெல்லிய இலையை மாரியில் உதிர்த்து, நிலத்தடித் தண்டில் மொட்டை வைத்துக்கொண்டு உறங்கப் பழகிக்கொண்டது. அதனால் பெரிங் வழி அதற்குப் பின்னரும் திறந்தே இருந்தது. சிப்ரிபீடியம் கட்டேட்டம் என்ற ஒரே இனம் உருசியாவிலிருந்து அலாஸ்கா வரை பரந்திருக்கிறது. வட அமெரிக்காவின் ஏரியெட்டினம், சீனாவின் பிளெக்ட்ரோகைலம் இரண்டும் ஒட்டிய உறவு. மற்றவற்றில் கீழ்ப்புல்லிகள் இரண்டும் ஒன்றாய் ஒட்டியிருக்க, இந்த இரண்டில் மட்டும் தனித்தனியாய் நிற்கின்றன. பசிபிக் கடலின் இரு கரையிலும் ஒரே விசித்திரம்.

பஃபியோபெடிலத்தின் பரவல் நமக்கு மிக நெருக்கமானது. இதன் முதற்கிளைகள் தென்சீனா, வியட்நாம் சுண்ணக்கல் மலைகளில் இருக்கின்றன. தீவுகளுக்குப் போனவை பின் வந்தவை. பனியூழிகளில் கடல்மட்டம் 120 மீற்றர் வரை தாழ்ந்தபோது சுமாத்திரா, யாவா, போர்ணியோ எல்லாம் ஆசியப் பெருநிலத்தோடு ஒட்டிக்கிடந்தன. செடிகள் நிலவழியே நடந்தன. நீர் ஏறியதும் தீவுக்குத் தீவு அடைபட்டு வேறு வேறு இனமாயின. நிறமூர்த்தங்களிலும் அந்தத் தடம் உண்டு. பெரும்பாலானவற்றில் எண்ணிக்கை 26. ஆனால் தீவுகளில் பெருகிய சில பிரிவுகளில் 42 வரை போகிறது. புதிதாக எதுவும் சேரவில்லை, பழைய நிறமூர்த்தம் நடுவே இரண்டாய் உடைந்ததால் எண்ணிக்கை கூடியது. கலப்பினம் செய்பவர்களுக்கு இது தலையிடி: 26ஐயும் 40ஐயும் சேர்த்தால் பிள்ளை பிறக்கும், அந்தப் பிள்ளை காய் வைத்தாலும் முளைக்கும் வித்து அபூர்வம்.

ஓர்கிட் வித்து தூசு போன்றது, காற்றில் எவ்வளவு தூரமும் போகலாமே, பிறகேன் வங்கக் கடலைத் தாண்டவில்லை என்று கேட்கலாம். போய் விழலாம். முளைக்க முடியாது. வித்தில் கட்டுச்சாதம் கிடையாது. விழுந்த இடத்தில் பொருத்தமான பங்கசு வித்துக்குள் புகுந்து உணவூட்ட வேண்டும். செருப்பு ஓர்கிட்டுகள் பெரும்பாலும் துலாஸ்நெல்லா வகைப் பங்கசுகளையே நம்பியிருக்கின்றன. அந்தப் பங்கசு, அதற்கேற்ற ஈரம், பிறகு பருமன் சரியான ஈ, பக்கத்திலேயே பூக்கும் இன்னொரு செடி. நான்கும் ஒரே இடத்தில் சேர வேண்டும்.

பொதிகைச் செடிக்கு வருவோம். ஹீபர் ட்ரூரி என்ற ஆங்கிலேயப் படையதிகாரி 1865இல் திருவிதாங்கூர் மலையில் கண்டார். 1874இல் தாவரவியலாளர் பெடோம் ட்ரூரியின் பெயரையே வைத்து விவரித்தார். பஃபியோபெடிலம் துரூரியை. மஞ்சள் பூ, மேற்புல்லியிலும் இரு அல்லிகளிலும் நடுவே கரும்பழுப்புக் கோடு. 1,400 மீற்றருக்கு மேல், வெயில் படும் புல்லும் பாறையுமான சரிவில் நிற்பது. அழிந்துவிட்டதென்று எண்ணி, 1970களில் மீண்டும் கண்டார்கள். கண்டதும் சேகரிப்போர் மூட்டை மூட்டையாய்ப் பெயர்த்தார்கள். இதன் அடுத்த உறவு அசாம், மேகாலயாப் பக்கம், 2,000 கிலோமீற்றருக்கு அப்பால். இடையில் தக்காணம் முழுவதும் ஒன்றுமில்லை.

இந்த இடைவெளி துரூரியைக்கு மட்டுமுள்ளதல்ல. இமயமலையில் இருக்கும் ரொடோடென்ட்ரன் மரமும் நடுவே இல்லாமல் மேற்குத் தொடர்ச்சி மலையில் மீண்டும் தலைகாட்டுகிறது. குளிர்ந்த, ஈரம் கூடிய காலங்களில் மலைச்செடிகள் தாழ்ந்த குன்றுகள் வழியே தெற்கே இறங்கின, சூடேறியதும் உச்சிகளில் மட்டும் எஞ்சின என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம். ரொடோடென்ட்ரன் அங்கே நிற்காமல் இலங்கைக்கும் வந்து ஹோர்ட்டன் சமவெளியில் சிவப்பாய்ப் பூக்கிறது. துரூரியை வரவில்லை. கடல்மட்டம் தாழ்ந்தபோது பாக்கு நீரிணை தரையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் தரை மன்னார் போன்ற வறண்ட தாழ்நிலம். 1,400 மீற்றரில் வாழ்கிற, பங்கசையும் ஈயையும் கூடவே கூட்டிவர வேண்டிய செடிக்கு அது கடலைப்போலவே கடினம்.

கிராபிச் செடியின் பெயர் பஃபியோபெடிலம் எக்சல். எக்சல் என்றால் இலத்தீனில் நாடு கடத்தப்பட்டவர். வடகிழக்கிந்தியாவின் இன்சிக்னே இனத்தின் ஒரு வகை தெற்கே தனித்துக் கிடக்கிறதென்று கருதி வைத்த பெயர். துரூரியை, இன்சிக்னே, எக்சல் மூன்றும் ஒரே உட்பிரிவு. முதலிரண்டும் மலைக்குளிரில் வாழ, எக்சல் கடலோரச் சுண்ணக்கல் பாறையில், உப்புக்காற்றிலும் வெப்பத்திலும் நிற்கிறது. செடி வாங்கும்போது உறவைப் பார்த்து வாங்கினால் இங்கேதான் ஏமாற்றம். துரூரியையும் இன்சிக்னேயும் நம் கரையில் இலை மட்டும் வைத்து ஆண்டுக்கணக்கில் நிற்கும், பிறகு மெல்லச் சிறுத்துப் போகும். இரவு குளிராமல் அவை மொட்டெடுக்காது.

ஆகவே மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்துக்குத் தெரிவு செய்ய வேண்டியவை தாழ்நிலக் கடலோர இனங்கள்: எக்சல், லங்காவிப் பக்கத்து நிவியம், கடல்மட்டத்திலிருந்தே வளரும் பிலிப்பினென்சே, வெப்பம் தாங்கும் கலோசம் போன்றவையும் இவற்றின் கலப்பினங்களும். சிப்ரிபீடியத்தை நினைக்கவே வேண்டாம். மூன்று மாதம் 5 பாகைக்குக் கீழ் உறங்கவேண்டிய செடியை குளிர்சாதனப் பெட்டியில் வைத்து வளர்ப்பது விளையாட்டாகலாம், தோட்டமாகாது. பிராக்மிபீடியத்தில் லோங்கிபோலியம் போன்ற ஆற்றோர இனங்கள் வெப்பம் ஓரளவு தாங்கும். அவற்றுக்கு எமன் தண்ணீரிலுள்ள உப்பு. கரையோரக் கிணற்று நீர் ஊற்றினால் சில வாரத்தில் இலை நுனி பழுப்பாய்க் காய்ந்து உள்ளே ஏறும். மாரி மழைநீரைத் தாங்கியில் பிடித்து மூடி வைத்து, அதை மட்டும் ஊற்றக்கூடியவர்களுக்கே அது சரி. மூடாவிட்டால் நுளம்புதான் வளரும்.

டென்ட்ரோபியம் வளர்த்துக் கைதேர்ந்தவர்களே பஃபியோபெடிலத்தை அதிகம் சாகடிக்கிறார்கள். டென்ட்ரோபியத்துக்குத் தண்டில் நீர்ச் சேமிப்பு உண்டு, இரண்டு மூன்று நாள் காயவிடலாம். பஃபியோபெடிலத்துக்குச் சேமிப்புத் தண்டு கிடையாது. வேர் முற்றாகக் காய்ந்தால் அந்த வேர் போனதுதான். அதேவேளை நிறைய ஊற்றிச் சேறாக்கினாலும் வேர் அழுகும். நடுவழி சட்டிக் கலவையில் இருக்கிறது. சிரட்டைக்கரி 4 பங்கு, பொச்சுத் துண்டு 3 பங்கு, உடைத்த செங்கல் 2 பங்கு, எல்லாம் 10 முதல் 15 மில்லிமீற்றர் அளவில். எக்சல், நிவியம், பிலிப்பினென்சே மூன்றுக்கும் வாவிச் சிப்பி ஓட்டை நன்றாகக் கழுவி உடைத்து 1 பங்கு சேர்க்கலாம், அவை சுண்ணக்கல்லில் பழகியவை. மற்ற இனங்களுக்கு அது வேண்டாம்.

பொச்சில்தான் பிழை வரும். வாவியில் ஊறப்போட்ட மட்டையில் சோடியம் ஏறியிருக்கும். நல்ல தண்ணீரில் 24 மணி நேரம் ஊறவிட்டு ஊற்றுவதை மூன்று தடவை செய்யுங்கள். பிறகு லீற்றருக்கு 2 கிராம் கல்சியம் நைத்திரேற்று கரைத்த நீரில் ஓர் இரவு போட்டு, மீண்டும் அலசுங்கள். கல்சியம் சோடியத்தைத் தள்ளிக்கொண்டு அதன் இடத்தைப் பிடிக்கும். இதைச் செய்யாமல் நட்டால் வேர்நுனி கறுத்து நின்றுவிடும். பார்ப்பவர் பசளை போதாதென்று இன்னும் போடுவார், நிலைமை இன்னும் மோசமாகும். பசளை லீற்றருக்கு அரைக் கிராமுக்கு மேல் வேண்டாம், இரு வாரத்துக்கு ஒருமுறை போதும்.

சட்டி சிறிதாக, 8 முதல் 10 சென்ரிமீற்றர். 75 சதவீத நிழல்வலை. டென்ட்ரோபியத்துக்குப் போடும் 50 சதவீதத்தில் வைத்தால் இலை மஞ்சளாய் வெளுக்கும். வைகாசி முதல் ஆவணி வரை அடிக்கும் கச்சான் காற்றில் ஈரப்பதன் விழுந்துவிடும். சட்டிகளைக் கிழக்குச் சுவரோரம் ஒதுக்கி, கீழே ஈரமணல் தட்டு வையுங்கள், சட்டியின் அடி மணல் நீரில் படாமல். காலை ஆறு, ஏழு மணிக்குள் தண்ணீர். ஐப்பசி பிறந்ததும் கவலை மறுபக்கம் திரும்பும். இலைக்கூட்டின் நடுவே மழைநீர் தேங்கி ஓர் இரவு நின்றால், பற்றீரியா அழுகல் நீர்த்த பழுப்புப் பொட்டாகத் தொடங்கி, நாறிக்கொண்டு இரண்டு மூன்று நாளில் குருத்தைத் தின்றுவிடும். ஒளிபுகும் கூரை இல்லாமல் மாரியில் இவற்றை வெளியே வைக்கவே கூடாது. பொட்டுக் கண்டால் தீயில் காட்டிய அலகால் நல்ல பகுதியும் சிறிது சேரும்படி வெட்டி, வெட்டுவாயில் கறுவாத்தூள் தடவுங்கள். தூள் வேரில் விழக்கூடாது, வேரை உலர்த்திக் கொல்லும்.

விலை ஏன் டென்ட்ரோபியத்தைவிடப் பல மடங்கு என்று கேட்பவர்களுக்கு: டென்ட்ரோபியத்தை இழைய வளர்ப்பில் ஒரே குருத்திலிருந்து ஆயிரமாய்ப் பெருக்கலாம். பஃபியோபெடிலம் அதற்கு எளிதில் இசையாது. பெரும்பாலும் வித்திலிருந்தோ கொத்தைப் பிரித்தோதான் பெருக்க வேண்டும். வித்துப்போட்டால் பூப்பதற்கு மூன்று முதல் ஐந்து ஆண்டு, ரொத்சைல்டியானம் போன்றவற்றுக்கு அதைவிடவும் அதிகம். வித்துக்கன்று என்பதால் ஒரே காயின் பிள்ளைகளும் ஒன்றுபோல் பூக்காது.

அதனால்தான் காட்டிலிருந்து பெயர்ப்பது இலாபமான தொழிலாயிற்று. 1999இல் விவரிக்கப்பட்ட வியட்நாமின் பஃபியோபெடிலம் வியட்நாமென்சே சில ஆண்டுகளுக்குள் காட்டிலிருந்து துடைத்தெடுக்கப்பட்டது. பஃபியோபெடிலமும் பிராக்மிபீடியமும் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் உடன்படிக்கையின் முதலாம் பட்டியலில் இருக்கின்றன. காட்டுச் செடியை வியாபாரமாய் நாடு கடத்த இடமில்லை, பண்ணையில் வளர்த்ததற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். சட்டப்படி பெருக்கிய, கிருமி நீக்கிய போத்தலில் உள்ள வித்துக்கன்றுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. இலங்கைக்குள் கொண்டுவருவதற்குத் தாவரத் தடைகாப்பு அனுமதி அதற்கும் தேவை. தபாலில் ‘வேர்ச்செடி’ என்று பொதிசெய்து வருவதை வாங்கினால் கட்டுநாயக்கவில் பறிபோகலாம். பறிபோகாமல் வந்தாலும், சமச்சீரற்ற இலை, பூச்சி தின்ற பழைய தழும்பு, பாசி ஒட்டிய வேர் என்று காட்டுச் செடியின் அடையாளம் தெரியும். பண்ணைச் செடியின் இலைகள் ஒரே அளவில், வேர் சட்டி வடிவில் சுருண்டிருக்கும்.

பெயர்ச்சீட்டில் இனப்பெயர் இல்லாமல் ‘லேடி ஸ்லிப்பர்’ என்று மட்டும் எழுதியிருந்தால் இலையைப் பாருங்கள். பச்சையில் வெளிர்ப்பச்சைப் புள்ளிக்கோலம் போட்ட இலை பெரும்பாலும் வெப்பம் தாங்குவது. கோலமில்லாத பச்சையாய், நீண்டு தடித்த வார்போல் இருந்து, ஒரு தண்டில் பல பூ வைப்பதும் வெப்பத்துக்குரியதே. கோலமில்லாத, ஒடுங்கிய மெல்லிய பச்சை இலையும் ஒற்றைப் பூவும் என்றால் அது நுவரெலியாவுக்குப் போகவேண்டிய செடி. இந்தக் கணக்குக்கு அடங்காமல் ஒடுங்கிய பச்சை இலையோடும் ஒற்றைப் பூவோடும் நம் வெப்பத்தில் பூப்பது, அந்த நாடு கடத்தப்பட்ட கிராபிச் செடி.